என்னை நீக்கச் சொன்னவர்கள்

என்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளைக் கோலில் நிறுத்தவேண்டும் என்று முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவர், பினாங்கில் வட்டிக்கு விடும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவரைக் கிட்டங்கிகளில் அப்படித்தான் சொல்வார்கள். பகல் முழுதும் ஏஜெண்டு முன்னால் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மாலையில் சூலியா தெருத் தேநீர்க் கடைக்கு வந்து அத்தனைக்கும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார். அவர் குரல் கடையைத் தாண்டி எதிர்வரிசை வரைக்கும் போகும். "அந்தக் கிராணிய நிறுத்திக்கிட்டு நாம கப்பு வாங்குன மாதிரிதான்" என்று அவர் சொன்னது அன்றைக்கே என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கிராணி நான்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசை, சனிக்கிழமை பந்து. முப்பதுகளின் தொடக்கம் அது; எனக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் இந்தியர் கால்பந்துக் குழுவுக்கு ஆறு வருடமாக நான்தான் கோல்கீப்பர். பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். நான் மட்டும் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டுதான் திடலில் இறங்குவேன். கர்வம் பிடித்தவன் என்று பெயர். அது பொய்யில்லை.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஐந்து பேர் கொண்ட கமிட்டி இருந்தது. கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர்கள் அவர்கள். நான் இங்கிலீஷ் பேசுகிறவன், அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்தவன் என்பதில் அவர்களுக்குப் பெரிய திருப்தி. என் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்ற பத்துப் பேரைப் பற்றி யோசிப்பார்களாம். காரியதரிசியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தேநீர்க் கடையில் இருந்தது யாரும் நியமிக்காத கமிட்டி. ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் பளிங்கு மேசையில் பதினொரு காலித் தீப்பெட்டிகளை அடுக்கி, யார் எங்கே நின்றார், எங்கே நின்றிருக்கவேண்டும் என்று நகர்த்தி நகர்த்திச் சண்டை போடுவார்கள். தேநீர் வைக்க இடமில்லை என்று கடைக்காரர் கத்துவார். கத்திவிட்டு, அவரும் ஒரு பெட்டியை நகர்த்துவார். சனிக்கிழமை இந்தக் கூட்டம் முழுதும் எங்கள் கோலுக்குப் பின்னால் புல்தரையில் வந்து உட்காரும். இடைவேளையில் நாங்கள் பக்கம் மாறினால் அவர்களும் எழுந்து திடலைச் சுற்றி வந்து என் முதுகுக்குப் பின்னாலேயே மறுபடி உட்காருவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தப் பருவத்தில் நான் விட்ட கோல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மோசமான கோல்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடக்கூடிய பந்துகள் என் கைக்கு ஒரு முழம் தள்ளிப் போயின. ஈரப் பந்து வழுக்கிவிட்டது என்றேன். முன்னால் நின்ற பேக் ஆட்டக்காரர்கள் மறைத்துவிட்டார்கள் என்றேன். காற்று என்றேன். வீட்டிலும் இதே கதைதான். சாப்பிடும்போது இடப்பக்கம் இருக்கிற தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவேன்; கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வேன். என் மனைவி, "நெனப்பு பூராவும் பந்துலதான்" என்பாள். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அரையிறுதி ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று எப்படியோ ஜெயித்தோம். நாங்கள் வாங்கிய இரண்டும் என் இடப்பக்கத்திலிருந்து உயர்ந்து வந்த பந்துகள். காரியதரிசி என் தோளைத் தட்டி, அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் செய்தி வந்துவிட்டது: தேநீர்க் கடைக் கூட்டம் என்னை நீக்கச் சொல்லிக் கமிட்டிக்கு மனு எழுதப்போகிறது. எனக்குப் பதிலாகத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஓர் இளைஞரை நிறுத்த வேண்டுமாம். அவர் எங்கள் மாற்று கோல்கீப்பர், பூட்ஸே கிடையாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆறு வருட உழைப்பு, முதல்முறையாக ஒரு கப் கைக்கு எட்டும் நேரம், இவர்கள் யார் என்னை எடைபோட?

திங்கட்கிழமை அலுவலகம் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பளிங்கு மேசையில் பத்துத் தீப்பெட்டிகள்தான் இருந்தன. பதினொன்றாவது அடுத்தாளின் கையில் இருந்தது.

"நிறுத்திட்டீங்களே, பேசுங்க" என்றேன். "என் முன்னாலயே பேசுங்க."

அடுத்தாள் பயந்த ஆள் இல்லை. "பேசுறேன். போன வருசம் அந்தப் போலீஸ் டீம்காரன் ஒங்க எடது விலாவுல மோதுனான்ல, அதுலேருந்து அந்தப் பக்கம் பந்து வந்தா நீங்க ஒதுங்குறீங்க கிராணியாரே. பயம். பயந்த ஆளு எறுதி ஆட்டத்துல நிக்கக்கூடாது."

பயந்தாங்கொள்ளி என்று சூலியா தெருவில் வைத்துச் சொல்லிவிட்டார். கை ஓங்கியிருப்பேன். நடுவில் தையற்காரர் எழுந்து நின்றதால்தான் நடக்கவில்லை. கடைக்கு நாலு வாசல் தள்ளித் தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கூட்டத்தில் அதிகம் பேசாதவர். என் அலுவலகச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவைதான். காலர் நைந்துபோனால் பிரித்துத் திருப்பித் தைத்தும் கொடுப்பார்.

"பயமில்லண்ணே" என்று அடுத்தாளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கட்டுமா? இந்த வருசம் ஒங்க காலர் மூணு திருப்பியிருக்கேன். மூணுமே எடப்பக்கம்தான் நைஞ்சிருந்துச்சு. வலப்பக்கம் புதுசு மாதிரி இருந்துச்சு."

"அதனால?"

"தாடை ஒரசி ஒரசி நைஞ்சது அது. நீங்க எந்நேரமும் எடப்பக்கமாத் தலையத் திருப்பியே வச்சிருக்கீங்க. கோலுக்குப் பின்னால ஒக்காந்து ஒங்க கழுத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், ரெண்டு மாசமா. எடப்பக்கம் பந்து வந்தா எல்லாரும் கண்ணத் திருப்புவாங்க. நீங்க ஒடம்பையே திருப்புறீங்க. அதுக்குள்ள பந்து போயிடுது."

தையற்காரர் கொஞ்சம் தயங்கினார். "வலக் கண்ணக் கையால மூடுங்கண்ணே. சும்மா, ஒரு நிமிசம்."

இவர்களுக்கு வேடிக்கை காட்டவா வந்தேன் என்று நினைத்தேன். ஆனாலும் மூடினேன். அவர்கள் வாயை அடைக்கலாம் என்றுதான் மூடினேன்.

கடை இல்லை. மேசை இல்லை. அடுத்தாள் இல்லை. பால் கலந்த தண்ணீர் போல ஒன்று, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கையை எடுத்தேன், எல்லாம் இருந்தது. மறுபடி மூடினேன், எல்லாம் போனது. இருபத்தெட்டு வயதுவரை ஒருமுறைகூட ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. எப்படித் தோன்றும்? வலக் கண் இரண்டு பேர் வேலையையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை விரல்ணே?" என்றார் தையற்காரர்.

"எங்க நீட்டுறீங்கன்னே தெரியல" என்றேன்.

அடுத்தாளின் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். எனக்கு வந்த முதல் நினைப்பு என் மனைவியைப் பற்றியும் இல்லை, வேலையைப் பற்றியும் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "சனிக்கிழம வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க. எறுதி ஆட்டம் முடியட்டும்" என்று கெஞ்சினேன்.

கெஞ்சியது அடுத்தாளிடம்தான். அவர் கையிலிருந்த தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கிராணியாரே, ஒங்களப் பயந்தவன்னு சொன்னது என் தப்பு. அதுக்கு ஆயிரம் தடவ மன்னிப்புக் கேக்குறேன். ஆனா நீங்க வெளியதான் ஒக்காரணும். நேத்தும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான் சொல்றேன். நாளைக்குக் காலையில நான் வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போறோம்லா."

மறுநாள் வந்தது அவர் மட்டுமல்ல. தையற்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தேநீர்க் கடைக்காரர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தார். நான் மனைவியோடு உள்ளே காத்திருந்தபோது, வெளித் தாழ்வாரத்தில் மூவரும் இறுதி ஆட்டத்துக்கு இடது பேக் யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்று ஆள் வந்து இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

வெள்ளைக்கார டாக்டர் என் இமைகள்மேல் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். கருவி வைத்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொல்லும் நோய், வலி தெரியாமல் வரும் என்றார். இடக் கண்ணில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வலக் கண்ணிலும் அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது. வியாழக்கிழமை அறுவை செய்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றார். என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்து தழும்பே விழுந்துவிட்டது.

அன்று மாலை செய்தி கேட்டுக் காரியதரிசி வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. என்மேல் உண்மையிலேயே மதிப்பு வைத்திருந்தார். ஆனால், "வியாழன் என்ன, திங்கள் என்ன? ரெண்டே நாள்தானே தள்ளி சனிக்கிழம? ஒங்கள விட்டா கோல்ல நிக்க யார் இருக்கா?" என்றார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? ஒத்துக்கொண்டுவிடுவேன் என்ற நிலைமைதான். வாசலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த அடுத்தாள் எழுந்து உள்ளே வந்தார்.

"யார் இருக்காங்கன்னு நான் சொல்றேன் சார்" என்று தொடங்கி, அந்தத் துறைமுக இளைஞரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அவர் எம்பும் உயரம், பந்தை இரண்டு கையால் பிடித்து நெஞ்சில் அணைக்கும் விதம், மழையில் எப்படி நின்றார், எந்த ஆட்டத்தில் எதைத் தடுத்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார். என்னைப் பற்றியும் சொன்னார். என் குறைகள் அத்தனையையும் என் வீட்டுக்குள் நின்று, என் மனைவி முன்னாலேயே அடுக்கினார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. காரியதரிசி கடைசியில் எழுந்து, சரி, இளைஞரையே போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தாளுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. மனைவி அவருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை அறுவை நடந்தது. இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்கக்கூடாது என்று மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். அந்த இருட்டில் கிடந்தபோது எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் கடவுளுக்கே பொறுக்காது. சனிக்கிழமை மாலை, பார்வையாளர் நேரம் முடியப்போகும் சமயத்தில், வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. யார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றார் அடுத்தாள். "ஜெயிச்சிட்டோம் கிராணியாரே."

பிறகு மூவரும் எனக்கு அந்த ஆட்டத்தைச் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்பதுதான் சரி. முதல் கோல் யாருடைய பாஸ் என்பதில் தையற்காரருக்கும் கடைக்காரருக்கும் ஒத்துவரவில்லை. வலது விங்கில் ஆடியவரை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்றார் ஒருவர். அவர் இல்லாவிட்டால் இன்றைக்குக் கப் ஏது என்றார் இன்னொருவர். அவர்கள் பேசப் பேச எனக்குத் திடல் தெரிந்தது, புல் தெரிந்தது, ஒவ்வோர் ஆளும் ஓடுவது தெரிந்தது. கட்டுக்குள் இருந்துகொண்டு அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன்.

"கடைசியில எடப்பக்கத்துலேருந்து ஒண்ணு ஒசரமா வந்துச்சு" என்றார் அடுத்தாள். "தம்பி எம்பிப் புடிச்சிட்டான். நீங்களா இருந்தா—" சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"விட்டிருப்பேன்" என்றேன். "சொல்லுங்க. நல்லா சத்தமா சொல்லுங்க."

யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விரல்நுனியில் ஊசி குத்திய சொரசொரப்பு இருந்தது, தையற்காரர்.

பன்னிரண்டாம் நாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெளிச்சம் கூசியது. மெல்ல மெல்லச் சன்னல் தெரிந்தது, அதற்கப்பால் மழைமரம், பக்கத்தில் என் மனைவியின் முகம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, விளிம்பு வரைக்கும், வலக் கண்ணால் பார்த்தேன். வராந்தாவின் கடைசியில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே விடவில்லை போலிருக்கிறது. ஒருவர் கையை வீசி வீசிப் பேசுகிறார், ஒருவர் மறுத்துத் தலையை ஆட்டுகிறார், ஒருவர் இருவரையும் விலக்குகிறார். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. ஆனால் நிச்சயம் யாரையோ குழுவிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. தையல் பிரிந்துவிடும், இன்னும் இரண்டு வாரத்துக்கு அழவே கூடாது என்று நர்ஸ் என்னைக் கடிந்துகொண்டாள்.