பிள்ளை வீட்டுக் கூரையில் ஒரு முசாங்

இரவு மிருகம் பார்க்கிற தொழிலில் முதல் கஷ்டம், அதைத் தொழில் என்று யாரும் ஒப்புக்கொள்ளாததுதான். பகலில் தூங்கியே தெருவில் சோம்பேறிப் பட்டம் வாங்கிய ஜாகாக்களே, ரொட்டிக்கடை அடுப்புக்காரர்களே, ஆஸ்பத்திரி இரவுப் பணியாளர்களே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் காஜா பெராங்கில் ஒரு கொப்பரைக் கிட்டங்கிக்கு ஜாகா. அதாவது இரவுக் காவல். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், பால்மரம் வெட்டப் பிடிக்காமல் மலாக்கா டவுனுக்கு வந்தவன், எந்த வேலையிலும் மனம் நிற்காதவன். இந்த வேலையில் மட்டும் நின்றுவிட்டேன், காரணம் கூரைமேல் நடப்பவை. என் காலத்தில் திருடன் வரவே இல்லை. வந்ததெல்லாம் முசாங்தான். நம் ஊர்க்காரர்கள் மரநாய் என்பார்கள். பூனை மாதிரி உடம்பு, கீரி மாதிரி மூஞ்சி. பக்கத்தில் போனால் பண்டான் இலை போட்டுச் சோறு வடித்த வாசனை. படிப்பில்லாத நான் பழைய ஆங்கிலப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். யானைக்கும் புலிக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். முசாங்குக்கு நாலு வரி.

ஒரு சமயம் சிங்கப்பூரிலிருந்து அருங்காட்சியகத் துரை ஒருவர் வந்தார். நான் பார்த்ததைக் கேட்டுவிட்டு ஒரு வேலை கொடுத்தார். “பிடிக்காதே, கொல்லாதே. ஊருக்குள் ஒரு முசாங் குட்டி போட்டு, குட்டிகள் பிழைத்துத் தாயை விட்டுப் போகிற வரை பார்த்துச் சொல். அது போதும்.” கேட்கச் சுலபமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் குட்டி பிழைத்த ஒரு குடும்பத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

முகத்தை மூடிய குரங்கு

ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செல்லையா ஒருநாள் மத்தியானம் பிஸ்கட் டின்னோடு வந்து என்னை எழுப்பினார். மகளுக்கு விளையாட்டுக் காட்டக் குரங்குக்குட்டி வாங்கினாராம். அது தாவவும் இல்லை, பல்லைக் காட்டவும் இல்லை. வாழைப்பழம் கொடுத்தால்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. டின்னைத் திறந்தேன். உள்ளே ஒரு கொங்காங், நம் தேவாங்குக்குக் குண்டான ஒன்றுவிட்ட அண்ணன். வெளிச்சம் பட்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உருண்டையானது.

“இது குரங்கு இல்லை ஐயா. பகலில் தூங்கும், ராத்திரியில்தான் மெதுவாக நடமாடும். கடித்தால் கை வீங்கிவிடும்” என்றேன். செல்லையா விரலை எண்ணிப் பார்த்துக்கொண்டு டின்னை என் பக்கம் தள்ளினார். அன்று சாயங்காலம் சைக்கிளில் புக்கிட் கட்டில் என்கிற குன்றுப் பக்கம் கொண்டுபோய் ஒரு மரத்தில் விட்டேன். அது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளையை யோசிப்பதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மறுவாரம் கடைப்பக்கம் போனபோது செல்லையா வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார்: “விட்டுட்டீங்களா? பகல் முழுக்கத் தூங்குதுன்னீங்களே, உங்க கிட்டங்கியிலேயே ஒரு ஜாகா வேலை வாங்கிக் கொடுத்திருக்கலாம்!”

விருந்து

துரை சொன்ன வேலைக்கு முதலில் எனக்குக் கிடைத்தது, கிட்டங்கிக்குப் பின்னால் பட்டுப்போன தென்னையின் பொந்தில் குட்டி போட்டிருந்த ஒரு தாய். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. பல வாரம் பார்த்தேன். திடீரென்று ஓர் இரவு அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் லாரி ஓட்டும் மணியம், என் பழைய தோட்டத்துச் சிநேகிதன், சாப்பிடக் கூப்பிட்டான். நல்ல மனுஷன், கை நிறையப் போடுவான். மசாலா வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. இலைமுன் உட்காரும்போதுதான் அவன் வீட்டு வேலியைப் பார்த்தேன். தோலை உப்புத் தடவிக் காயப்போட்டிருந்தான். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னபோது மணியம் உண்மையிலேயே வருத்தப்பட்டான். “அடடா, நீங்க தேடுற மிருகம்னு முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே? ஒரு தொடையைத் தனியா எடுத்து வச்சிருப்பேனே!”

குழாயடியில் விதை

அடுத்துக் கண்ணில் பட்டது வெள்ளைவாலி. வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி இருக்கும் பெட்டை. நிலாவில்லாத இரவிலும் அந்த நுனி தெரியும். அது என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. மதில்மேல் அது விட்டுப்போகும் எச்சத்தைச் சேர்த்துக் கழுவினால் விதைகள் அப்படியே கிடைக்கும். காலையில் வேலை முடிந்ததும் அதைத்தான் செய்வேன். பப்பாளி விதை கொஞ்சம், பாக்கு கொஞ்சம். மிச்சமெல்லாம் கறுப்பாக, வழவழவென்று சிக்குப்பழ விதை, அதாவது சப்போட்டா. இந்தத் தெருவில் சிக்குமரம் ஒன்றே ஒன்றுதான், நடேசப் பிள்ளை வீட்டு முற்றத்தில். வெள்ளைவாலி அம்மாள் எங்கே குடித்தனம் நடத்துகிறாள் என்பது அப்படித்தான் தெரிந்தது.

பொதுக் குழாயடியில் விதைகளைக் கழுவிக் காகிதத்தில் உலர்த்தும்போது தண்ணீர் பிடிக்க வந்த அஞ்சலையம்மா, நடவு விதை என்று நினைத்து ஒரு கைப்பிடி கேட்டார். எங்கிருந்து வந்த விதை, எந்தத் துரைக்காகக் கழுவுகிறேன் என்று சொன்னேன். நீட்டிய கையைச் சட்டென்று சேலையில் துடைத்துக்கொண்டார். “எத்தனையோ வேலைக்காரங்களைப் பார்த்துட்டேன் தம்பி. ஒரு பிராணி போற இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பொறுக்கறதுக்கு ஆள் வச்ச ஒரே முதலாளி அந்த வெள்ளைக்காரன்தான்.”

சிவப்பு விளக்கு

டார்ச் வெளிச்சம் நேராக அடித்தால் முசாங் ஓடிவிடும். அதனால் டார்ச்சின் கண்ணாடிமேல் காற்றாடி ஒட்டுகிற சிவப்புக் காகிதத்தைக் கட்டிக்கொள்வேன். சிவப்பு வெளிச்சத்தை அது சட்டை செய்வதில்லை. நல்ல உபாயம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன்.

கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை என்பதை மறந்துபோனேன். பிள்ளை வீட்டு மதிலோரம் நின்று, கூரைமேல் சிவப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தவனை ரோந்து வந்த மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், பின்னாலிருந்து பிடித்தார்கள். யாருக்குச் சைகை காட்டுகிறாய் என்று கேட்டார்கள். முசாங்குக்கு என்றேன். அந்தப் பதில் எனக்கு உதவவில்லை. விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கிட்டங்கி முதலாளி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்த மலாய்க்கார சார்ஜன் காகிதத்தை மட்டும் உரித்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். “கம்யூனிஸ்டு தொல்லை இல்லைன்னு நம்ம ஊரை வெள்ளைப் பகுதியா அறிவிச்சாச்சு. நீ ஒருத்தன் எதுக்குடா அதுல சிவப்பு அடிக்கிற?”

கூரை

நடேசப் பிள்ளை மலாக்காச் சிட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய குடும்பம். சாமி நம் சாமிதான், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். சர்க்கார் கச்சேரியில் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். அவரை நான் ‘இஞ்சே’ என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், அவர் என்னை ‘ஜாகா’ என்பார். அவர் மலாயில் சொன்னதை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

அந்த வருஷம் மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முன்னால், பழக்காலத்தில் அவரே என்னைத் தேடி வந்தார். வெள்ளைவாலி அவர் வீட்டு ஓட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே மூன்று குட்டிகளோடு இருப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. நடுக்கூடத்து உட்கூரையில் பெரிய மஞ்சள் கறை. இரவெல்லாம் தலைக்கு மேலே குதிரைப் பந்தயம். “வீட்டில் பராச்சு வருகிறது, படையலுக்கு முன்னால் உயிர்க்கொலை கூடாது. அது முடிந்த மறுநாள் காலை செங் கிராமத்திலிருந்து ஆள் வருவான். புகை போடுவான், சாக்கில் பிடிப்பான். உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்” என்றார்.

குட்டிகளுக்கு இன்னும் மரம் ஏறத் தெரியாது, ஒரு மாதம் பொறுத்தால் தாங்களாகவே போய்விடும் என்று கெஞ்சினேன். அதுவரை என் வாழ்க்கையில் சம்பளத்துக்குக்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. பிள்ளை கெட்டவர் இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகவே பதில் சொன்னார்: “உனக்கு ராத்திரியில் வேலை, எனக்கு ராத்திரியில் தூக்கம். ஒரு மாசம் நீ என் கட்டிலில் வந்து படு. நான் போய் உன் கிட்டங்கியைக் காக்கிறேன். அங்கேயாவது நிம்மதியாகத் தூங்கலாம்.”

கதவைச் சாத்திவிட்டு

பராச்சு என்பது செத்துப்போன பெரியவர்களுக்குச் சிட்டிமார் வைக்கும் படையல். பழக்காலத்தில் வைப்பது பழப் படையல். டுரியான், மங்கூஸ்தான், ரம்புத்தான், சிக்கு எல்லாம் வைத்து, விளக்கேற்றி, பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வீட்டார் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமல்லவா? பிள்ளையின் அப்பா போய் அது முதல் பழக்காலம். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று படையலன்று சாயங்காலம் போன என்னையும் பிள்ளை முற்றத்தில் நிற்கச் சொன்னார்.

பொழுது சாய்ந்த வேளை. எல்லோரும் கைகட்டி நிற்கிறோம். உள்ளே உட்கூரைப் பலகை ‘டக்’ என்றது. பிறகு மெத்தென்று ஏதோ குதித்த சத்தம். அந்தக் காலடி எனக்குத் தெரியாதா? பிள்ளை கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார். ஆனால் நேரம் வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. அவர் திறக்கவில்லை. தட்டில் நகம் உரசியது. ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. அப்புறம் பலகை மறுபடி ‘டக்’.

பிள்ளை கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். டுரியான் அப்படியே இருந்தது. மங்கூஸ்தான், ரம்புத்தான், வாழைப்பழம் எல்லாம் வைத்தது வைத்தபடி. சிக்குத் தட்டு மட்டும் காலி. வெள்ளை விரிப்பில் ஈரக் காலடிகள். பிள்ளையின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முற்றத்துச் சிக்குமரம் அவர்கள் அப்பா வைத்தது. சர்க்கரை வியாதி வந்து டாக்டர் தடுத்த பிறகும் அந்த மனுஷன் சிக்கைத் திருடித் தின்றுவிட்டு, தோலைச் சட்டைப்பையில் ஒளித்து வைப்பாராம். துவைக்கும்போது இந்த அக்காதான் கண்டுபிடிப்பாராம்.

பிள்ளை என் பக்கம் திரும்பினார். “ஜாகா, உனக்குத் தெரியும். பொய் சொல்லாதே. வந்தது என்ன?”

பொய் சொல்ல எனக்கும் ஆசைதான். ‘உங்கள் அப்பாதான் இஞ்சே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று குட்டிகளும் பிழைத்துவிடும். ஆனால் பார்த்ததை மட்டுமே சொல்லிப் பழகிய வாய், வேறு மாதிரித் திரும்ப மாட்டேன் என்றது. “முசாங், இஞ்சே. அந்த வெள்ளைவாலிதான்” என்றேன். சொன்னபோதே சாக்கும் புகையும் கண்முன் வந்தன. பிள்ளை குனிந்து விரிப்பைப் பார்த்தார். நிமிர்ந்து அந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டுச் சொன்னார்: “வாங்க என்றுதானே கூப்பிட்டோம். எப்படி வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லையே.”

துரையின் சந்தேகம்

செங்கிலிருந்து சாக்கோடு வந்த ஆள் மறுநாள் காலை காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனான். மெர்டேக்காக் கொடிகள் தெருவில் நனைந்து தொங்கிய ஒரு நாளில், மூன்று குட்டிகளும் சிக்குமரம் வழியாக இறங்கி, மதில்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசிக் குட்டி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. என்னை இல்லை, பழத்தை. ஒரு குடும்பம் பிழைத்தது என்று சொல்ல வீட்டைத் தவிர எனக்கு வேறு ஆளே இல்லை. என் மனைவியிடம் சொன்னேன். சந்தோஷம், இனிமேல் பகலில் விழித்திருப்பீர்களா என்று கேட்டாள்.

துரை சீமைக்குத் திரும்புவதற்கு முன் ஒருமுறை மலாக்கா வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். தின்றது என்ன, குட்டிகள் எத்தனை, எப்போது இறங்கின என்றெல்லாம் எழுதினார். வீட்டுக்காரர் ஏன் கொல்லாமல் விட்டார் என்ற கேள்வி வந்தது. அதையும் சொன்னேன். அதைத் துரை எழுதவில்லை. பேனாவை மூடி, நெற்றியைத் தடவிக்கொண்டு தன் அரைகுறை மலாயில் கேட்டார்: “இதை நான் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?”

தூக்கத்தைத் தொலைத்து இத்தனை வருஷம் இரவெல்லாம் விழித்திருந்ததில் பிழைத்தது ஒரே ஒரு முசாங் குடும்பம், அதையும் காப்பாற்றியது நான் இல்லை, நான் பேசியே பார்த்திராத ஒரு பெரியவருக்குச் சிக்குப்பழத்தின் மேல் இருந்த அடங்காத ஆசை.