பிரேஸும் பத்துப் பாகம் வயரும்

ஒரு ஆங்கிலச் சொல்லின் மேல் எனக்குக் கோபம் வந்தது பல் கிளினிக்கின் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோத் தெருப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கிளினிக்கில் ஒன்பது வருடமாகக் கூட்டித் துடைத்தவள் நான். ஒருநாள் காலை, சுற்றுலா வந்த ஒரு பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து, 'பிரேஸ், பிரேஸ்' என்று பதறினாள். வரவேற்பு மேசையில் இருந்தவருக்கு ஆங்கிலம் ஓடாது. நான் பிள்ளையின் வாயைப் பார்த்தேன். பல்லைக் கட்டியிருந்த கம்பி கழன்று கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டு, உள்ளே போய் டொக்டரம்மாவுக்கு இத்தாலியனில் சொன்னேன்.

அன்று வேலை முடிந்ததும் டொக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். வரவேற்பு மேசைக்காரர் செப்டெம்பரில் ஓய்வு பெறுகிறாராம். மேல்நிலைப் பள்ளி டிப்ளோமா இருந்தால் அந்தக் கதிரை எனக்குத்தானாம். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். நான் மூன்று வருடமாக மாலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜூலையில் கடைசிச் சோதனை, அதிலும் வாய்மொழிச் சோதனைதான் ஆளைக் கவிழ்ப்பது. பாஸ் என்றால் கதிரை, பெயில் என்றால் துடைப்பம். இதைவிட நேராக ஒரு விஷயம் என் வாழ்க்கையில் எனக்கு முன்னால் வந்து நின்றதில்லை.

வீட்டுக்கு வந்து கைபேசி அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். முதல் பொருளே 'ஒரு சோடி' என்று கிடந்தது. அதற்குக் கீழே, வேட்டையில் விழுந்த இரண்டு பறவைகள். பல்லுக் கம்பிக்கும் செத்த கௌதாரிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சொல் என்னை ஏமாற்றுகிறது என்று தெரிந்தால் எனக்கு நித்திரை வராது. கணவரிடம் கேட்டேன். அவர் ஒரு சிஞோரா, அதாவது இத்தாலியச் சீமாட்டி, வீட்டில் சமையல்காரர். அவருடைய ஆங்கிலம் முழுவதும் உதைபந்தாட்ட வர்ணனையில் பொறுக்கியது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"ஒருத்தன் ரெண்டு கோல் அடிச்சால் அது பிரேஸ். இதுகூடத் தெரியாமல் என்ன படிக்கிறீர்?"

அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் கூடச் சுட்டது.

வாய்மொழிச் சோதனைக்கு ஆளுக்கொரு விஷயத்தை ஆராய்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவர் எட்னா எரிமலையை எடுத்தார், இன்னொருவர் ஒலிவ் எண்ணெயை எடுத்தார். என்னைப் பார்த்து ஆசிரியை, இலங்கையிலிருந்து நீங்கள் வந்த பயணத்தைப் பற்றிப் பேசுங்களேன், கேட்பவர்கள் கலங்கிவிடுவார்கள் என்றார். நல்ல மனுசிதான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பயணம் எல்லாருக்கும் வேண்டும், என் மூளை ஒருவருக்கும் வேண்டாம். நான் பிரேஸ் என்ற சொல்லைப் பற்றித்தான் பேசுவேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும் என்றார் கணவர். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து நின்ற பெண்களும், பேசாமல் எரிமலையை எடுத்திருக்கலாமே என்றார்கள். நானோ, அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், வெங்காயத் தோலைத் தள்ளிவிட்டு, மூன்று மாதம் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன்.

அதன் பூர்வீகம் லத்தீன். கைகள் என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது இரண்டு கைகளையும் சேர்த்துக் குறித்தது. கைகளுக்கு இத்தாலியனில் சொல்கிற 'பிராச்சா'வும் அதே குடும்பம்தான். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய்க் கைக்கவசம் ஆனது, இறுகப் பிடிக்கும் கொளுக்கி ஆனது. வேட்டைநாய்கள் இரண்டைச் சேர்த்து அப்படிச் சொன்னார்கள். பிறகு பறவைகள், கைத்துப்பாக்கிகள் எல்லாம் சோடி சோடியாக அந்தப் பெயருக்குள் வந்தன. கூரையைத் தாங்கும் சாய்மரம், காற்சட்டையைத் தோளில் மாட்டும் பட்டி, பல்லுக் கம்பி எல்லாம் அதன் பிள்ளைகுட்டிகள். ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் எல்லாவற்றுக்கும் வேலை. மூலையில் இன்னொரு பழைய பொருளும் கிடந்தது. விரித்த இரண்டு கைகளின் நீளம், ஒரு அளவு. அதைக் கொப்பியில் குறித்துவிட்டுத் தாண்டிப் போனேன். நான் செய்த ஒரே மடத்தனம் அதுதான்.

சோதனை நாளன்று வெயில் கொளுத்தியது. நீளமான மேசைக்குப் பின்னால் ஏழு பேர். நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்த சோதனைக் குழுத் தலைவி, ஓரத்தில் காற்சட்டைக்குத் தோள்பட்டி போட்ட கணித ஆசிரியர். நான் நன்றாகவே பேசினேன். கணித ஆசிரியரின் பட்டியைக் காட்டி, இதோ ஒரு சோடி பிரேஸ் சோதனைக்கு வந்திருக்கிறது என்றபோது அவரே சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. நான் முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது, சிஞோரா. இதில் உங்களுடையது எது?"

முதலில் கோபம் வந்தது, அதற்குப் பின்னால் பயம் வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் கதிரை இல்லை. மூன்று வருடம் வெங்காயத் தோலோடு போய்விடும். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அங்கே மின்விசிறிக்கு இழுக்கிற நீண்ட வயர் ஒன்று, ஒன்றிலும் செருகாமல், சுருண்டு கிடந்தது.

அதை எடுக்கலாமா என்று கேட்டேன். தலைவி தோளைக் குலுக்கினார். வயரின் நுனியை ஒரு கையில் பிடித்து, இரண்டு கைகளையும் முழுக்க விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்தேன். மனதுக்குள் இத்தாலியனில் எண்ணுவதுதான் திட்டம். வயர் கையில் ஓடியதும் வாய் தன்பாட்டில் உரத்துச் சொன்னது: "லாபம்."

பிறகு ரெண்டு, மூண்டு, நாலு. ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. பத்தில் வயர் முடிந்தது.

லாபம் என்றால் என்ன என்று தலைவி கேட்டார். எங்கள் ஆட்கள் எதை அளந்தாலும் முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள் என்றேன். லாபம் என்றுதான் தொடங்குவார்கள், அளப்பது பெருக வேண்டும் என்பதற்காக. மன்னாரில் என் அப்பா வலைக் கயிற்றை இப்படித்தான் அளப்பார். பத்து வயதிலிருந்து நானும் அளந்தேன். விரித்த இரண்டு கை ஒரு பாகம். கடலின் ஆழமும் எங்களுக்குப் பாகக் கணக்குத்தான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கொப்பியின் மூலையில் நான் தாண்டிப் போன பொருள் இதுதான் என்று எனக்கே உறைத்தது. இனி என்னை ஒருவரும் விழுத்த ஏலாது என்று தெரிந்துவிட்டது.

"இங்கிலீசுக்காரர் இந்த அளவை மறந்திட்டினம். நான் மறக்கேல்லை," என்று இத்தாலியனில் சொன்னேன். "என்ரை ரெண்டு கையும் சேர்ந்து ஒண்டரை மீற்றர். இந்த வயர் பதினைஞ்சு மீற்றர். பாருங்கோ."

கணித ஆசிரியர் எழுந்து வந்து, குனிந்து, செருகியில் ஒட்டியிருந்த துண்டை வாசித்தார். பதினைந்து மீற்றர். அவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதையோ நீளமாக எழுதினார். நான் வெளியே போகும்போது, அந்த முதல் எண்ணை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தானும் சொல்லிப் பார்த்தார்.

நூற்றுக்கு எண்பத்து நான்கு. பள்ளி வாசலில் ஒட்டிய தாளில் என் பெயருக்கு நேரே அது இருந்தது. சமையல் உடுப்போடு ஓடி வந்த கணவர், "மிச்சம் பதினாறும் எங்கை?" என்று கேட்டார். பிறகு பல்லாரோச் சந்தையில் மீன்காரன், மரக்கறிக்காரி என்று ஒருவரை விடாமல் நிறுத்தி, அந்த எண்பத்து நான்கைச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். இன்னும் இரண்டு சந்து சுற்றிப் போயிருக்கலாம் என்றுதான் இருந்தது.

செப்டெம்பர் முதல் திங்கள், அரை மணி நேரம் முந்தியே கிளினிக்குக்குப் போய், மேசைக்குப் பின்னால் இருந்தேன். கதிரை எனக்குக் கொஞ்சம் உயரம். இறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எட்டு மணிக்கு உதவித் தாதி வாளியும் கையுமாக வந்து, வழக்கம்போல என் பக்கம் திரும்பி, இன்றைக்கு யார் நிலம் துடைக்கிறது என்று கேட்டாள்.

"தெரியாது," என்றேன். "நான் இல்லை."