திருவாதிரை மங்கிய தை மாதம்

அக்கா பிறந்தது திருவாதிரை நட்சத்திரத்தில். இந்த ஒரு தகவலை நான் எத்தனை தீட்சிதர்களிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அவள் வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். கடலூரிலிருந்து எப்போது போனாலும், "வந்தது வந்துட்ட, கோயிலுக்குப் போயி என் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடு" என்று செருப்பைக் கழற்றுவதற்குள் துரத்திவிடுவாள். அங்கே பெயர் கேட்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள். திருவாதிரை என்பேன். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. ரேஷன் கார்டு நம்பர் மாதிரி அதுவும் ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன் போல.

அண்ணாந்து பார்க்க வைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி.

அந்த மார்கழியில் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டில். முதலில் சுண்டைக்காய் அளவு என்றாள், அப்புறம் நெல்லிக்காய் என்றாள். டாக்டர் ஊசி குத்திப் பரிசோதித்துவிட்டு, ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவதுதான் நல்லது, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா தள்ளிப்போட்டாள். ஆருத்ரா தரிசனம் முடியட்டும் என்றாள், பொங்கல் முடியட்டும் என்றாள். உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் ஒரு ஆபரேஷனுக்கு நடந்துதான் போனாள். திரும்பி வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் அக்கா. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதே இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. திருவாதிரை நட்சத்திரம் வேகமாக மங்கிக்கொண்டு வருகிறதாம், எந்த நேரமும் வெடிக்கலாமாம், விஞ்ஞானிகள் அதிர்ச்சியாம். அதை எனக்கு அனுப்பிவிட்டு அடுத்த நிமிடமே போன் போட்டாள்.

"பாத்தியா? என் நட்சத்திரமே அணையப் போவுதாம். இந்த நேரத்துல போயி கத்திக்குக் கழுத்த நீட்டச் சொல்றீங்களா எல்லாரும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை எனக்கு. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்று நாலு பேர் மத்தியில் பீற்றிக்கொள்கிற ஆள். "வாட்ஸ்அப்புல வர்றதெல்லாம் நம்புவியாக்கா? சனிக்கிழம வர்றேன். உன்ன மாடியில நிக்க வெச்சுக் காட்றேன். உன் நட்சத்திரம் ஜம்முனு இருக்கும், பாரு" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எதைக் காட்டுவது? கேன்டீனில் கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். ஒருத்தர் உத்திரம், ஒருத்தர் கேட்டை, ஒருத்தர் பூசம். எல்லோருக்கும் அவரவர் நட்சத்திரம் தலைகீழ்ப் பாடம். "அது மேல எங்க இருக்குது?" என்றால் முழிக்கிறார்கள். "எங்கன்னா? ஜாதகத்துல இருக்குது" என்றார் உத்திரம்.

கடைசியில் செல்போனில் ஒரு ஆப் இறக்கிப் படித்தேன். ஜென்ம நட்சத்திரம் என்றால் வேறொன்றும் இல்லை, நாம் பிறந்த நேரத்தில் நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கமாக நின்றதோ அதுதான். நிலா மாதம் ஒரு சுற்று வருகிறது. வருகிற வழியில் அடையாளத்துக்கு வைத்த ஊர்களைப் போல இருபத்தேழு நட்சத்திரங்கள். அட, இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு நாள் இதுகூடத் தெரியாமல் என்ன லேபில் வேலை பார்த்தோம் என்றும் இருந்தது.

சனிக்கிழமை இருட்டியதும் அக்காவையும் மாமாவையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். சிதம்பரத்துக்கும் குமராட்சிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறார். கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் ஏறிக்கொண்டிருந்தன. "அந்த மூணு இருக்குதுல்ல, அதுக்கு வலது பக்கம் வெள்ளையா ஒண்ணு, இடது பக்கம் செவப்பா ஒண்ணு. அந்தச் செவப்புதான் நீ" என்றேன். ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாக இருக்கும் என்று படித்திருந்தேன்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அழுது வடியுதே, அதுவா?"

அதுதான். வலது பக்கத்து வெள்ளை பளீரென்று எரிந்துகொண்டிருக்க, இது சாமி மாடத்தில் எண்ணெய் தீர்ந்த விளக்காட்டம் முணுக் முணுக்கென்றது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாட்ஸ்அப் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதுவும் நான் சவால் விட்ட வாரத்தில்.

"என்னா மச்சான், ஜம்முனு இருக்குதா?" என்றார் மாமா. எனக்கு அவரைப் பிடித்து மாடியிலிருந்து தள்ளலாமா என்று வந்தது.

அதற்குப் பிறகு எனக்கே அது ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. படிக்கப் படிக்க ஆச்சரியம். நம் சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திருவாதிரையை வைத்தால், பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடுமாம். சிவப்பாக இருப்பது கோபத்தினால் அல்ல, மற்றதைவிடச் சூடு குறைச்சல் என்பதால். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவப்பு, ஜாஸ்தி சூடேற ஏற வெளுப்பு, அதே கணக்குத்தான். அது அவ்வப்போது மங்கும், தெளியும், ஆனால் இந்த அளவுக்கு மங்கி யாரும் பார்த்து நாளாகிவிட்டது. இதை எல்லாம் கற்றுக்கொண்டு அக்காவுக்குத் தைரியம் சொல்லலாம் என்று போன் போடுவேன். அவளிடம் போனதும் ஒவ்வொன்றும் எனக்கு எதிராகத் திரும்பிவிடும்.

"இங்க பாருக்கா, அது அவ்ளோ தூரத்துல இருக்குது. இப்ப நீ பாக்கற வெளிச்சமே அங்கேர்ந்து கெளம்பி ஐந்நூறு, அறுநூறு வருஷம் ஆவுது. இப்ப மங்கறதுக்கும் உனக்கும் சம்மந்தமே இல்ல."

"அப்ப இந்த நிமிஷம் அது இருக்குதா, இல்லையான்னே தெரியாதா?"

"அது... தெரியாதுதான்."

"செத்தே போயிருக்கலாம்னு சொல்ற."

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நானும் விடவில்லை. "நடராஜருக்கும் திருவாதிரதானே நட்சத்திரம்? அவரு என்ன, ஆட்டத்த நிறுத்திட்டாரா?" என்றேன்.

"அவருக்குக் கட்டி இல்லடா" என்றாள்.

ஆருத்ரா தரிசனத்தன்று நாலு வீதியும் ஜனம். திருவாதிரைத் திருநாள், திருவாதிரைக் களி, எல்லார் வாயிலும் திருவாதிரை. அன்று சாயங்காலம் அந்தக் கூட்டத்தில் வானத்தைப் பார்த்து நின்றது நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். முழு நிலா அதன் பக்கத்திலேயே நின்று அத்தனை வெளிச்சத்தையும் கொட்டியதில், பாவம், இருக்கிற இடமே தெரியவில்லை.

பொங்கல் போயிற்று. அக்கா இப்போது தானே மாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். விளக்கேற்றி முடித்துத் தினமும் போன் வரும். "இன்னிக்கும் அழுது வடியுது. அது தெளியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரியப் பாக்கலாம்." அது எப்போது தெளியும் என்று உலகத்தில் பெரிய பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கே தெரியாது. சிலர் தூசு மறைக்கிறது என்றார்கள், சிலர் வேறு சொன்னார்கள். கட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. மாமாவைக் கூப்பிட்டு டாக்டர் கண்டித்திருக்கிறார்.

எப்போதும் கிண்டலாகவே பேசுகிற மாமா அன்று எனக்குப் போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. "மச்சான், எனக்குப் பயமா இருக்குதுடா. நீதானே மாடியில நிக்க வெச்சுக் காட்டுன? நீயே எதனா பண்ணு."

எனக்கும் பயம்தான். அம்மாவுக்கு அப்புறம் எனக்கு இருப்பது இவள் ஒருத்தி.

நான் ஒரு யோசனை பண்ணினேன். டவுன் வெளிச்சத்தில் பத்து நட்சத்திரம் மட்டும் தெரிவதால்தானே அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்? நல்ல இருட்டில் கொண்டுபோய் மொத்தத்தையும் காட்டிவிட்டால் அது ஆயிரத்தில் ஒன்றாகிவிடாதா? மாமாவின் மினி பஸ் சாயங்காலம் கொள்ளிடக் கரைப்பக்கம் ஒரு கிராமத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று திரும்பும். அதில் ஏறிப் போனோம். சம்பா அறுப்பு முடிந்த வயல். வைக்கோல் வாசனை, லேசான பனி. மாமா பஸ்ஸின் விளக்கை எல்லாம் அணைத்தார்.

மூவரும் அண்ணாந்தோம். அவ்வளவு இருந்தன. கார்த்திகைக் கூட்டம் ஒரு பிடி அரிசியைச் சிதறவிட்டது போல உச்சியில் கிடந்தது. அதன் வடக்கே தேய்த்துவிட்டது போல ஒரு வெளிறிய பட்டை. "அதான் நாம இருக்கற நட்சத்திரக் கூட்டம். உள்ளயே இருந்துகிட்டுப் பாக்கறோம், அதான் பட்டையாத் தெரியுது" என்றேன்.

"தேர்க் கூட்டத்துக்குள்ள மாட்டுனவனுக்கு முன்னால நிக்கறவன் முதுகுதான் தெரியும்" என்றார் மாமா. சரியாகத்தான் சொன்னார்.

வடமேற்கே, ஓரக்கண்ணால் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் புகைத் திட்டைக் காட்டினேன். "அது நட்சத்திரமில்லக்கா. அது இன்னொரு கூட்டம். நம்முது மாதிரியே தனிக் கூட்டம், அதுக்குள்ள கோடி கோடியா நட்சத்திரம். யோசிச்சுப் பாரு, இதுல நீ என்ன, நான் என்ன?"

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயும் எவளாவது ஒருத்தி கழுத்துல கட்டியோட உக்காந்திருப்பா, பாவம்" என்றாள்.

என் யோசனை மண்ணாய்ப் போயிற்று. இவளை ஒரு அண்டசராசரமும் அசைக்காது என்று அலுப்பாக இருந்தது. அப்போது அவள் உச்சியைக் காட்டி, "டேய், அந்தச் செவப்பு? நல்லாப் பிரகாசமா இருக்குதே. தெளிஞ்சிடுச்சா?" என்றாள். குரலில் அப்படி ஒரு ஆசை.

"அது இல்லக்கா. திருவாதிர தோ, இன்னும் கீழ, கெழக்க. இது வேற. திருவாதிர எவ்ளோ மங்கியிருக்குதுன்னு இது கூட வெச்சுத்தான் பாப்பாங்க." சொல்லத் தயக்கமாக இருந்தது. "இது ரோகிணி."

ரோகிணி எங்கள் அம்மாவின் நட்சத்திரம்.

அக்கா கழுத்தை நிமிர்த்தி, கட்டி தெரியத் தெரிய, அதையே பார்த்தாள். "இது எப்பவும் இப்பிடித்தான் இருக்குமா?"

"பெருசா மாறாது. இப்பிடியேதான்."

"அம்மா போனப்போ?"

"அப்பவும் இப்பிடித்தான் இருந்திருக்கும்க்கா."

"இதே மாதிரியா? இவ்ளோ வெளிச்சமாவா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டைக்காரியைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்தாள். "அவ்ளோ பெரிய உசுரு போச்சு. ஒரு நாளாவது மங்கக்கூடாதா இதுக்கு?"

அப்புறம் அழுதாள். அம்மா போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். மாமா பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். புறப்படும் நேரம் ஆகி, தூரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு ரெண்டு பேர் பஸ்ஸுக்கு வந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"ஏங்க, காலைல டாக்டருக்குப் போன் பண்ணி நாள் கேட்டுடுங்க" என்றாள்.

ரோகிணி நமக்கு அவ்வளவு தூரமில்லை. அறுபது, அறுபத்தைந்து வருஷத் தூரம்தான். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம்தான் அன்று எங்கள் கண்ணில் விழுந்திருக்கிறது. பஸ்ஸில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலில் தலை சாய்த்திருந்த அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

தை முடிவதற்குள் சிதம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மத்தியானம் உள்ளே அழைத்துப் போனார்கள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்து நின்றேன். நாலு மணி வெயில். கிழக்கே பார்த்தேன். இந்த நேரத்துக்குத் திருவாதிரை எழும்பி ஒரு தென்னை உயரத்துக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பகலில் எந்த நட்சத்திரமும் எங்கேயும் போய்விடுவதில்லை, வெயிலில் தெரியாது, அவ்வளவுதான். அதற்கும் அக்காவுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு மாதத்துக்கு மேலாக வாய் வலிக்கப் பேசியவன் நான். வெறும் நீலத்தைப் பார்த்து, தெளிஞ்சிடு, தெளிஞ்சிடு என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

"என்னா சார், பிளேன் எதனா போவுதா?" என்றார் வண்டிக்கு டோக்கன் கொடுக்கிறவர்.

"இல்லீங்க. எங்கக்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இருட்டிய பிறகுதான் அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் பெரிய கட்டு. கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அதேபோல்தான் முணுக் முணுக்கென்று இருந்தது. பொய் சொல்ல வரவில்லை.

"அது இன்னும் மங்கலாத்தான்க்கா இருக்குது" என்றேன்.

அவளுக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இருந்துட்டுப் போவுதுடா. நான் இருக்கேன் இல்ல?"