வாசலில் வைக்காத வேப்பிலை

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பங்குனி வெயில் ஏற ஆரம்பித்திருந்த நேரம். நாங்கள் இருப்பது புதுச்சேரி முதலியார்பேட்டையில். என் மகள் அப்போது பத்தாவது. தமிழும் இங்கிலீஷும் எழுதி முடித்துவிட்டாள். கணக்குக்கு முன்னால் மூன்று நாள் லீவு. அந்த லீவின் முதல் நாள் காலையில் தலை பின்னிவிட உட்கார வைத்தபோதுதான் அவள் பிடரியில் அந்தக் கொப்புளங்களைப் பார்த்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. சட்டையை விலக்கினால் முதுகிலும் நாலைந்து.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அம்மை. எங்கள் வீட்டில் அப்படிப் பட்டென்று சொல்ல மாட்டோம், ஆத்தா வந்திருக்கா என்போம். அன்று எனக்கு அந்த மரியாதையெல்லாம் வரவில்லை. "இப்பதானா வரணும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டு, அப்புறம் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கணக்கில் நல்ல மார்க் வந்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் அவள் ஆசைப்பட்ட குரூப் கிடைக்கும். நான் படித்த காலத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அம்மை போட்டபோது பள்ளிக்கூடப் படியையே மிதிக்க விடவில்லை. அது என் மனதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர், "ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார். "கேட்டா வராதேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சும்மா இருங்க" என்று அடக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் நான் அடக்கினால் அடங்கிவிடுவார், அதுவும் ஒரு கெடுதல்தான்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகுவது வழக்கம். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். நான் சொருகவில்லை. சொருகினால் தெருவுக்கே தெரியும், தெரு மூலமாகப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். வேப்பிலையை அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். தாளிக்காமல் சமைத்தேன், இளநீர் கொடுத்தேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன், ஊருக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டரிடம்கூடக் கூட்டிப் போகவில்லை, காய்ச்சல் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன்.

கணக்குப் பரீட்சை அன்று முகத்தில் பவுடரை அப்பினேன், மாஸ்க் போட்டுவிட்டேன். கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க்கை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "யாராச்சும் கேட்டா வேர்க்குருன்னு சொல்லிடு" என்றேன். அவள், "பக்கத்துல உக்கார்றவங்களுக்கு ஒட்டிக்குமேம்மா" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நீ கணக்கைப் பாரு" என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

பரீட்சை நடந்தது டவுனுக்குள் வேறொரு பள்ளிக்கூடத்தில். அவளை உள்ளே அனுப்பிவிட்டு மற்ற அம்மாக்களோடு மதில் நிழலில் நின்றேன். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது வாட்ச்மேன் வந்து என் மகள் பேரைச் சொல்லி, "அவங்க அம்மா யாரு? மேடம் கூப்பிடுறாங்க" என்றார். அம்மாக்களை விலக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே, எல்லோரையும் விட்டுத் தள்ளி, சுவரோரம் என் மகள் நின்றிருந்தாள். நடந்தது இதுதான். அவள் ஹாலுக்குப் போட்டிருந்த மிஸ் வாயும் வயிறுமாக இருந்தவர், எட்டு மாசம் இருக்கும். வாசலிலேயே தயங்கி நின்ற என் மகளை, "வாம்மா, நேரமாச்சு" என்று தோளில் கை வைத்து அழைத்திருக்கிறார். இவள் துள்ளிப் பின்னால் போய், "தொடாதீங்க மிஸ், எனக்கு அம்மை போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டாள். கணக்குப் பரீட்சை போனாலும் போகட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அம்மை கண்ட பிள்ளைகளுக்குத் தனி ரூம் என்று ஒன்று இருப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தலைமை ஆசிரியை சத்தம் போடவில்லை. "வருஷா வருஷம் இப்படி ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க வருதும்மா. தனி ரூம்ல உக்கார வச்சு எழுத வைப்போம். முன்னாடியே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே" என்றார். ஒரு போன். அப்புறம் அவர் என்னை நேராகப் பார்த்து, "வீட்ல நீங்க கவனிக்கலையா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து என் மகள், "அம்மாவுக்குத் தெரியாது மேடம். வேர்க்குருன்னு நெனச்சிட்டாங்க" என்றாள்.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மாடியில் ஒரு காலி வகுப்பில், ஏற்கெனவே அம்மை கண்ட ஒரு டீச்சரின் மேற்பார்வையில் எழுதினாள். கொஞ்சம் தாமதம், அரிப்பு, பதற்றம். ஒரு பெரிய கணக்கை விட்டுவிட்டாள். வெளியே வந்ததும், "ஏண்டி எனக்குத் தெரியாதுன்னு சொன்ன?" என்று கேட்டேன். "உன்னை எல்லார் முன்னாடியும் திட்டுவாங்கன்னுதான்" என்றாள். நேராக டாக்டரிடம் கூட்டிப் போனேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாசலில் வேப்பிலையைச் சொருகினேன்.

மீதிப் பரீட்சைகளை அதே தனி ரூமில் எழுதினாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மிஸ் கை வைத்தாரே, அவர் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பரீட்சைகள் முடிந்த பிறகு அந்த மிஸ்ஸைப் பார்க்கக் கிளம்பினேன். கணவர் துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்று தனியாகவே அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். மிஸ் வெளியே வந்ததும், "எனக்குத் தெரியும் மிஸ். தெரிஞ்சுதான் அனுப்புனேன். பவுடர் போட்டு மறைச்சதும் நான்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் கோபம் வந்ததைப் பார்த்தேன், அது நியாயம்தான். பிறகு, "எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டாச்சு. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், பயமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆட்டோவில் ஏறப்போனவர் திரும்பி, "ஆனா எனக்கு முன்னாடியே போட்டது உங்க பொண்ணுக்குத் தெரியாதில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்குக் கேட்ட குரூப்பே கிடைத்துவிட்டது, இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். மிஸ்ஸுக்கும் நல்லபடியாகப் பிரசவமாகி ஆண் குழந்தை என்று கேள்விப்பட்டேன். இந்த விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டவர்கள் என்னிடம், "பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க" என்கிறார்கள். அவளைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். வளர்த்தவள் என்று சொல்லத்தான் இன்றுவரை வாய் வரவில்லை.