ஜெயபாண்டி மச்சானின் அமெரிக்கத் தட்டு

என் அக்கா பாண்டீஸ்வரியின் கணவர் ஜெயபாண்டி, கே.கே. நகரில் பெரிய இசை ரசிகர். ஒரு பாட்டு பாடத் தெரியாது, ஒரு கருவி வாசிக்கத் தெரியாது, வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. ஆனாலும் ரசிகர். அதற்கான அத்தாட்சி அவர் வீட்டுக் கண்ணாடி ஷோகேஸின் நடு அடுக்கில், தலையாட்டிப் பொம்மைக்கும் ஓய்வுபெற்றபோது ஆபீஸில் கொடுத்த கடிகாரத்துக்கும் இடையில் நிமிர்ந்து நின்றது.

அது ஓர் இசைத்தட்டு. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் என்கிற பாட்டு பிறந்த காலத்தில் அதைத் தொடங்கிவைத்தவர்கள் நாலைந்து பேராம். அவர்களில் ஒருவருடைய தலைசிறந்த பாட்டுகளையெல்லாம் சேர்த்துப் போட்ட தொகுப்பு. அட்டையில் அந்த மனிதர் கிடாரை நெஞ்சோடு அணைத்து, ஒரு காலை மடக்கி நிற்பார். தலையில் அரைப்படி எண்ணெய் இருக்கும். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மச்சான் வாயால் கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே எனக்குக் குமட்டிப்போய்விட்டது.

மச்சானின் அப்பா சோணை, வாடிப்பட்டிப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்டவர். மகன் படித்து, ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராகி, கே.கே. நகரில் மாடி வீடு கட்டினார். அதுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் டாக்டர், எதிர்வீட்டில் பேராசிரியர். நடுவில் குடியேறியவருக்குத் தானும் ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. படிப்பதற்குப் பொறுமை இல்லை. ஆகவே ஒருநாள் அந்தத் தட்டு ஷோகேஸில் ஏறியது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் ஒருமுறை அமெரிக்க நண்பர் என்பார், ஒருமுறை மெட்ராஸ் ஏலம் என்பார், கேட்பவரின் படிப்பைப் பொறுத்து கதை மாறும்.

அன்றிலிருந்து எங்கள் சாதிசனத்தில் யாரும் அந்த வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடித்ததில்லை. டம்ளரை வாயில் வைக்கும்போதே பிரசங்கம் ஆரம்பிக்கும். அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த பாட்டுப் பெயர்களை வரிசையாக, கந்தசஷ்டிக் கவசம் மாதிரி ஒப்பிப்பார். "இதான் மாப்ள மியூசிக். நீ போடுறதெல்லாம் சத்தம்" என்று என்னிடம் முடிப்பார்.

நான் தங்கப்பாண்டி, காளவாசலில் ரேடியோ செட் வைத்திருப்பவன். பலகையில் இப்போது சவுண்ட் சர்வீஸ் என்று எழுதியிருக்கிறேன், தொழில் என்னவோ அப்பா காலத்துத் தொழில்தான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், முளைப்பாரி எல்லாவற்றுக்கும் என் பெட்டிகள் போகும். அக்கா மகள் சத்யப்ரியாவின் சடங்குக்கு மட்டும் போகவில்லை. தாய்மாமன் என்ற முறையில் நானே செட் போடுகிறேன் என்று போய் நின்றேன். மச்சான் விடவில்லை. பாட்டுச் சத்தமே இல்லாத அந்தச் சடங்கு வீட்டுக்கு வந்த வாடிப்பட்டி ஆட்கள், விசேஷமா கேதமா என்று தெரியாமல் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டு வந்தார்கள். அடுப்படியில் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வேலை செய்கிற என் அக்கா, அவர் தொண்டையைச் செருமிச் செருமி, கடைசியில் பாடுவதையே விட்டுவிட்டாள். இதற்காகவே அந்த ஆளை எனக்குப் பிடிக்காது.

"மச்சான், என் கடையில மெஷின் இருக்கு, கொண்டாறேன், ஒருக்க போட்டுத்தான் பாப்பமே" என்று ஒருமுறை கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன் மெஷின்லயா? கோடு விழுந்துரும். இதெல்லாம் கம்பெனி சீல் ஒடைக்காத பீஸ். மெட்ராஸ்ல பிரண்டு வீட்ல நான் கேட்டுட்டேன், அது போதும்" என்றார். சீல் என்று அவர் சொன்னது, அட்டையின் வாய்ப்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் பாரித்த செலோடேப்பை.

சத்யப்ரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெங்களூரில் வேலை பார்ப்பவன், நல்ல பிள்ளை. நிச்சயதார்த்தம் கே.கே. நகர் வீட்டிலேயே நடந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, பையன் காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து பிரித்தான். புத்தம் புது இசைத்தட்டு மெஷின். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய தட்டுகள்மேல் மறுபடி ஒரு மோகம் வந்திருக்கிறதல்லவா, அதில் இவனும் ஒருவன்.

"மாமா, உங்களுக்கு என்னோட கிஃப்ட். சத்யா எல்லாம் சொன்னா. இன்னைக்கு அந்த ரெக்கார்ட கேட்டே ஆகணும்" என்றான்.

மச்சானுக்கு வேர்த்துவிட்டது. சீல், வேல்யூ என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் ஒன்றாகச் சேர்ந்து கேட்டதும் மறுக்க வழியில்லை. பையனே டேப்பைக் கிழித்து, தட்டை உருவி மெஷினில் வைத்தான். மேல்பக்க லேபிள் உரிந்துபோய் வெறும் காகிதமாக இருந்தது. முள் இறங்கியது. முதலில் கரகரவென்றது. அப்புறம் இடி இடித்தது, குதிரைகள் ஓடின, ஒரு ராஜா தூய தமிழில் சேனாதிபதியைத் திட்டத் தொடங்கினார்.

பழைய ராஜா கதைப் படத்தின் வசனத் தட்டு. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய ஓடியது. பையனின் பெரியம்மா தலையில் கைவைத்துச் சிரித்தார். ராஜா பேசுவதற்கு முன்பே அடுத்த வரியை அவர் சொன்னார். "எங்க ஊரு பொங்கலுக்கு இதத்தானப்பா போடுவாக, ஒரு வரி மறக்கல பாரேன்" என்றார். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நக்கல் இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம்தான். மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், எனக்கும் அந்த மனிதர்மேல் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

அவர் எழுந்து நின்றார். "தங்கப்பாண்டி, என் தட்டு எங்க?" என்றார்.

எப்போதும் மாப்ள என்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப இந்த ஷோகேஸ ஒழிச்சு வச்சது யாரு? இந்த மாதிரி வசனத் தட்டு யாரு கடையில கெடக்கும்? ஒரிஜினல எடுத்து வித்துப்புட்டு, இந்தக் கழிசடைய உள்ள வச்சு ஒட்டிருக்க."

"நான் எடுக்கல மச்சான்" என்றேன். எடுத்தவனும் அப்படித்தானே சொல்வான். பெரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

ராஜா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். முள்ளைத் தூக்கிவிட்டுத் தட்டை எடுத்தேன். அப்போதுதான் அடிப்பக்க லேபிளைப் பார்த்தேன். பச்சை பெயிண்டில், "சின்னான் ரேடியோஸ், சோழவந்தான்" என்று கோணலாக எழுதியிருந்தது.

செட்டுக்காரர்கள் தட்டில் இப்படித்தான் பெயர் எழுதிவைப்போம். உறையைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. பழைய உறை கிழிந்தால் கையில் அகப்பட்ட கெட்டியான அட்டைக்குள் தட்டைப் போட்டு, நழுவாமல் டேப் ஒட்டிவிடுவோம். வெளிநாட்டு அட்டை என்றால் விடவே மாட்டோம், அது நாள்பட வரும். சின்னான் கடையை மூடியபோது சரக்கெல்லாம் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போனது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெரிய மனிதர் அங்கேதான் பொறுக்கியிருக்கிறார். படத்தைப் பார்த்தார், வாங்கினார், செலோடேப்பை அமெரிக்கக் கம்பெனி சீல் என்று நம்பினார். உள்ளே இருப்பதை ஒருநாள்கூட எடுத்துப் பார்க்கவில்லை. ஷோகேஸில் ராஜாவும் சேனாதிபதியும் உட்கார்ந்திருக்க, வெளியே இவர் எங்கள் ரசனையைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

தட்டைத் திருப்பிக் காட்டினால் போதும். என் பெயர் துலங்கிவிடும், அவர் பெயர் நாறிவிடும். அக்காவைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, வேண்டாமென்று மிக லேசாகத் தலையை அசைத்தாள். பெயிண்ட் இருந்த பக்கத்தை என் சட்டையோடு அணைத்தபடி தட்டை அட்டைக்குள் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த நாளே தீர்ப்பு வந்தது. தட்டு திரும்பி வந்தால்தான் தாய்மாமன் கல்யாணத்துக்கு வரலாம். இல்லையென்றால் மணப்பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவருவதை அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் செய்வான். குடும்பத்தையே பத்து வருடமாக எட்டிப்பார்க்காத ஒருவன்.

அக்கா காளவாசல் கடைக்கு வந்தாள். பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எடுத்தேன்னு சொல்லிருடா தம்பி" என்றாள்.

"நான் எடுக்கலன்னு ஒனக்குத் தெரியும்லக்கா?"

"நானும் அந்தப் பேரப் படிச்சேன்."

"அப்ப நீ சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அந்தாளு சம்பந்தகாரங்க முன்னாடி என்னத்துக்கு ஆவாரு? நாளைக்கு எம் மக அந்த வீட்டுல வாழணும். அவ அப்பன் புளுகுணின்னு அவுக பேசறத அவ கேக்கணுமா?"

"மாமன் திருடன்னு பேசலாமா?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவ நேத்துல இருந்து சாப்புடல. மாமா வராட்டி மணவறைக்கே போக மாட்டேங்கிறா. அவரும் எறங்கி வர மாட்டாரு. நீதான்டா எறங்கணும்" என்றாள்.

அன்றைக்கு அக்கா மேல்கூட எனக்கு வெறுப்பு வந்தது. இந்த ஆளைப் பாதுகாத்துப் பாதுகாத்தே அவள் ஆயுசு தேய்ந்துவிட்டது. இப்போது என்னையும் கூட்டு சேர்க்கிறாள். ஆனால் சத்யப்ரியா பிறந்த அன்று முதலில் கையில் வாங்கியவன் நான். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். அவள் கையை வேறொருவன் பிடித்து நடத்திப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்தத் தொகுப்பை இப்போது மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். செல்போனிலேயே ஆர்டர் போட்டேன். பிரித்துப் பார்த்தால் தட்டு சிவப்பாக, தக்காளிச் சாறு மாதிரி பளபளவென்று இருந்தது. லேபிளின் ஓரத்தில் அச்சடித்த வருடம் போட்டிருந்தது, போன வருடம். போட்டுக் கேட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நன்றாக இருந்தது. அந்த மனிதர் உயிரைக் கொடுத்துக் கத்தியிருக்கிறார். என் பெரிய பெட்டிகளில் அது காளவாசல் முக்குவரை கேட்டிருக்கும். எதிர் டீக்கடையில் ஒருவர் நின்று தாளம் போட்டார். இத்தனை நல்ல பாட்டை ஒருதடவைகூடக் கேட்காமல், இதை வைத்தே ஊரை மட்டம்தட்டிய ஆளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

தனியாகக் கொடுத்தால் செல்லாது, பழி எங்கே விழுந்ததோ அங்கேயே தீர வேண்டும் என்றார் மச்சான். ஜவுளி எடுக்க சம்பந்தி வீட்டார் வந்திருந்த நாளில் போனேன். பையன் பெங்களூரில் இருந்தான். அவன் இருந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பான். பையனின் அப்பா, அம்மா, பெரியம்மா எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் எடுத்தேன் மச்சான். மன்னிச்சிருங்க" என்று வெள்ளைக் காகித உறையை நீட்டினேன்.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டை உருவினார். சிவப்பு பளிச்சென்று அடித்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். லேபிளைப் படித்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண் லேபிளின் ஓரத்துக்கு வந்து நின்றது. பெருவிரலை மெதுவாக நகர்த்தி அந்த வருடத்தின் மேல் வைத்தார்.

"இதேதான். அமெரிக்கா பிரஸ். சிவப்புத் தட்டு இந்தியாவுலயே பத்துப் பேருகிட்டதான் இருக்கு" என்று சம்பந்தியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி மாப்ள, மனுசன்னா சபலம் வரத்தான் செய்யும். நான் மன்னிச்சுட்டேன்" என்றார். விரலை எடுக்காமலே தட்டை உறையில் போட்டார். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அக்கா கொண்டுவந்த காப்பியைக் குடித்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சீர்த்தட்டுகளோடு போனேன், மாலை போட்டேன். மணமகள் அறையிலிருந்து மணவறைவரை சத்யப்ரியா என் கையைப் பிடித்து நடந்துவந்தாள். வழியில், "நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றாள். பேசாம நட தாயி, கேமரா பாக்குது என்றேன். அவள் பிடி இறுகியது. இதற்காக இன்னும் பத்துத் தட்டுகளைத் திருடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளை மணவறையில் உட்காரவைத்துவிட்டு இறங்கி, முன்வரிசையில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலிக்குப் போனேன். அதற்கு அடுத்து ஒரு காலி நாற்காலி, அதில் ஒரு கைப்பை. அதையும் தாண்டிப் பையனின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி, நல்லா கூட்டியாந்தீங்க பிள்ளைய" என்று வாய்நிறையச் சொன்னார். சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்து மடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.