குளிர்காலப் படத்துக்கு ஒரு மூடி வோட்கா

இறைச்சி அடைத்துச் சுடும் என் சம்சா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுதான் குபாத் படம் வரைவான், பிஷ்கேக்கில் வேறு தெருமுனையே இல்லாதது மாதிரி. வசந்தத்தில் ஆப்ரிகாட் பூ, ஜூனில் ஈரத்தாளில் வந்து ஒட்டும் பாப்லர் மரத்துப் பஞ்சு, அப்புறம் வாய்க்கால் ஓரம் சருகு எரியும் புகை, எல்லாம் நீர்வண்ணத்தில் ஏறிவிடும். "வழிய மறைக்காதடா, சம்சா வாங்க வர்றவன் உன்ன வேடிக்கை பாத்துட்டு அப்படியே போயிடறான்" என்று தினமும் திட்டுவேன். காதிலேயே விழாது.

பனி விழுந்தால் மட்டும் ஆளைக் காணோம். மூன்று குளிர்காலமாக இதே கதை. இந்த ஊர் ஓவியர்கள் உறைபனியில் கிண்ணத்துத் தண்ணீரோடு வோட்கா கலப்பார்கள். இல்லாவிட்டால் தூரிகையில் ஐஸ் பிடித்துவிடும். குபாத்தும் கலந்தவன்தான். கிண்ணத்துக்குக் கொஞ்சம், வாய்க்கு மீதி. கடைசியில் முழுசும் வாய்க்கே. அவன் மனைவி புருலாய்க்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. "இன்னொரு தடவ நாத்தம் வந்துச்சுன்னா நரின் ஊர்ல எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அவன் குடியை விட்டான், கூடவே குளிர்காலத்தையும் விட்டான்.

உப்புப் போட்டுப் பார்த்தான், வண்ணம் கெட்டது. என்னிடம் வெந்நீர் வாங்கிப் பார்த்தான், அதுவும் தாளில் உறைந்துபோனது. வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துப் போடேன் என்றேன்.

"கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்தா குளிர் தெரியாதுக்கா" என்றான். முகத்தில் உயிரே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

இந்த ஜனவரியில் குபாத்தை இங்கே வரச் சொல்லிவிட்டு, புருலாயும் வேலை முடிந்து நேராக வந்தாள். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அவன் கிண்ணத்தில் ஒரு மூடி ஊற்றி, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள்.

"என்ன நம்பலையா?"

"நம்பித்தான் நிக்கறேன். கால் மரத்துப்போச்சு, சீக்கிரம் போடு."

படம் முடிந்ததும் கிண்ணத்தை அவளே பனியில் கொட்டினாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். ராத்திரி முழுக்கக் கண்விழித்தவள், என் அடுப்போரம் நின்றபடியே தூங்குவாள். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வரும்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். பாட்டிலோடு குபாத் மட்டும் வந்தான். மூடியைத் திறந்தான், மூடினான். தாளை விரிக்கவேயில்லை. மாவைப் பிசைந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னிடம் வந்து பாட்டிலை நீட்டினான்.

"நீயே ஊத்துக்கா. மிச்சத்த நீயே வெச்சுக்க."

"ஏன்டா, உன்ன நம்பித்தானே அவ குடுத்தனுப்பினா?"

"அவ நம்பறா. வீட்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் இதத் திறக்காம தூக்கிட்டு வந்தேன்கா. அதுக்கே களைச்சுப்போயிட்டேன்."

ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை. படம் முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். நான் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். கடைசிச் சொட்டு வரை பனியில் கொட்டினான்.