கம்ப்யூட்டர் பார்த்து வைத்த இடுப்பு

என் இடது இடுப்பு மூட்டை மாற்றிய டாக்டர், ஆபரேஷனுக்கு முந்தின நாள் திரையில் படம் போட்டுக் காட்டினார். எலும்பில் சின்ன அடையாளங்களைப் பொருத்துவார்களாம், கேமரா அதைப் பார்க்குமாம், செயற்கைக் கிண்ணம் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். "கண் மதிப்புல வெக்கிறதவிட இது துல்லியம்மா," என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் தரையில் உட்காரக் கூடாது, குனியக் கூடாது என்று அவர் சொன்னதும் காதில் விழத்தான் செய்தது.

மாரண்டஹள்ளிக்குத் திரும்பியதும் பார்க்க வந்த எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். "கம்ப்யூட்டரே பாத்து வெச்சதுங்க, ஒரு இழை பிசகாது." நடையும் நேராகத்தான் வந்தது.

இரண்டாம் மாதம் கம்பைநல்லூரில் என் அக்கா இறந்துபோனாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். எடுக்கும் வரைக்கும் அவள் தலைமாட்டை விட்டு நகரக் கூடாது என்று காரில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

என் மகள் எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழ, நான் மட்டும் மேலே, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி. அக்காவின் நாத்தனார் அண்ணாந்து பார்த்தாள். "கூடப் பொறந்தவ, நீங்களே சேர்ல உக்காந்தா எப்புடிங்க?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. மகள், "வேணாம்மா," என்று கையைப் பிடித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, வுடுடி. கம்ப்யூட்டர் வெச்சது," என்று உதறிவிட்டு இறங்கினேன்.

கால்களை ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்து, அக்காவின் முகத்தைத் தொடக் குனிந்தேன். இடுப்புக்குள் ஏதோ நழுவியது. நான் அலறியதை எல்லோரும் துக்கம் என்றுதான் நினைத்தார்கள். நாத்தனார் என்னை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, நழுவிய இடுப்பைத் திரும்பப் பொருத்தினார்கள். கண் விழித்தபோது, முன்பு ஆபரேஷன் செய்த அதே டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "கிண்ணம் வெச்ச எடத்துல அப்படியே இருக்கும்மா. சாய்வு கூட மாறல. தரையில உக்காராதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. சாவு வூட்ல எங்க உக்காரணும்னு சொல்லலீங்களே," என்றேன். அவர்மேல் கோபம் வந்தது, அந்த மிஷின்மேல் வந்தது, என்மேலும் வந்தது.

அவர் போனதும் மகளிடம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஸ்ட்ரெச்சரிலாவது போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் என் போர்வையைச் சரிசெய்தாள்.

"இருட்டறதுக்குள்ள முடிக்கணும்னுட்டாங்கம்மா. நீ உள்ள மயக்கத்துல இருந்தப்பவே பெரியம்மாவ எடுத்துட்டாங்க."